ஆறு வார ஆப்பிரிக்க ஊழியத்துக்குப் போகலாமா? ஒரு செவிலியரின் கேள்விக்குப் பதில்

நாகர்கோவில் பக்கம் தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு செவிலியர் கேட்டிருக்கிறார். வயது இருபத்தாறு. குழந்தைகள் வார்டில் நான்கு வருட அனுபவம். ஓர் ஊழியக் குழு மலாவி நாட்டுக்கு ஆறு வாரப் பயணம் ஏற்பாடு செய்கிறது. கிராமங்களில் மருத்துவ முகாம், அநாதை இல்லத்தில் ஊழியம், மாலையில் சுவிசேஷக் கூட்டம். டிக்கெட் உட்பட இரண்டரை லட்சம் ரூபாயை அவரே திரட்ட வேண்டும். சேகரத்துப் போதகர் ஐயா உற்சாகப்படுத்துகிறார், வீட்டில் அம்மா பயப்படுகிறார். "ஆப்பிரிக்காவைப் பற்றி ரொம்ப நாளாகவே மனதில் பாரம் இருக்கிறது. போகலாமா? எப்படித் தயாராவது?" என்று கேட்கிறார்.

சகோதரி, மலாவியின் தென்பகுதியில் சபை நடத்தும் ஒரு மருத்துவமனையில், குழந்தைகள் வார்டிலேயே, சில வருடங்கள் வேலை செய்தவள் நான். அதனால் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். மலாவிக்குப் போங்கள். ஆனால் இந்தக் குழுவோடு, இந்தத் திட்டத்தோடு போக வேண்டாம். உங்கள் பாரத்தை நான் சந்தேகப்படவில்லை. அந்தப் பாரத்தோடு உங்கள் கையில் ஒரு தொழிலும் இருப்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நான் முதலில் கேட்பது ஒன்றுதான். அங்கே உங்களைக் கூப்பிட்டது யார்? நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தில் குழுத் தலைவர் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, தொகை இருக்கிறது. மலாவிக்காரர் ஒருவரின் பெயர்கூட இல்லை. எந்தச் சபை, எந்த மருத்துவமனை, அங்கே உங்களுக்கு மேலதிகாரி யார், எதுவுமே இல்லை. இங்கிருந்து போகிறவர்களே திட்டம் போட்டு, இங்கிருந்தே தலைவரையும் கூட்டிக்கொண்டு போய், அங்கே ஆறு வாரம் நடத்திவிட்டு வருவது அந்த மண்ணின் ஊழியம் ஆகாது.

மலாவி சுவிசேஷம் கேட்காத நாடு கிடையாது. 2018 மக்கள்தொகைக் கணக்குப்படி அங்கே முக்கால்வாசிக்கும் மேலானவர்கள் கிறிஸ்தவர்கள். ஸ்காட்லாந்து மிஷனெரிகள் லிவிங்ஸ்டோனியா மிஷனோடு மலாவி ஏரிக்கரைக்கு வந்தது 1875இல். மறுவருடம் ப்ளான்டயர் என்ற ஊரில் இன்னொரு மிஷன். அங்கே நிற்கும் புனித மைக்கேல் ஆலயம் 1891இல் கட்டி முடிந்தது. கட்டடக் கலை படித்தவர் யாரும் இல்லாமல், ஒரு போதகரும் உள்ளூர் ஆட்களும் செங்கல் சுட்டு எழுப்பியது. இன்றைக்குப் போய் நின்றாலும் வாயடைத்துப் போகும். லிவிங்ஸ்டோனியா, ப்ளான்டயர் சபைகள் 1924இல் ஒன்று சேர்ந்து மத்திய ஆப்பிரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபை ஆயின. நம் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 1947இல்தான் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

அந்தச் சபைகளின் சரித்திரத்தில் வெள்ளைக்காரர் செய்த நன்மையும் இருக்கிறது, கொடுமையும் இருக்கிறது. ஜான் சிலெம்ப்வே என்ற போதகரைப் பற்றிப் போகும் முன்பே படித்துவிடுங்கள். பாப்டிஸ்ட் போதகர், பள்ளிக்கூடங்கள் நடத்தியவர். தோட்ட முதலாளிகள் தன் ஜனங்களிடம் கட்டாய வேலை வாங்கியதையும், சம்பந்தமே இல்லாத உலகப் போருக்கு அவர்களை இழுத்துக்கொண்டு போனதையும் பொறுக்க முடியாமல் 1915 ஜனவரியில் கிளர்ச்சி செய்தார். அவர் ஆட்கள் முதலில் தாக்கிய தோட்டம், மிஷனெரி டேவிட் லிவிங்ஸ்டனின் பேரன் குடும்பத்துக்குச் சொந்தமானது. சில நாட்களில் சிலெம்ப்வேயைச் சுட்டுக் கொன்றார்கள். இன்று ஜனவரி 15 அங்கே அவர் பெயரில் விடுமுறை நாள். பண நோட்டிலும் அவர் முகம் இருக்கிறது. அப்புறம் 1992இல், ஆயுள்கால அதிபராக ஆண்ட பண்டாவை எதிர்த்து நாட்டில் யாரும் வாய் திறக்காத காலத்தில், கத்தோலிக்க ஆயர்கள் ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்களில் ஒரு சுற்றுமடல் எழுதி எல்லா ஆலயங்களிலும் வாசிக்க வைத்தார்கள். அடுத்த வருடமே வாக்கெடுப்பு நடந்து ஒரு கட்சி ஆட்சி முடிவுக்கு வந்தது. இப்படிப்பட்ட சபைக்கு நாம் போய் மாலைக் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளரை வைத்து இரட்சிப்பைப் பற்றி ஆரம்பப் பாடம் நடத்தினால், அவர்கள் மரியாதையாக உட்கார்ந்து கேட்பார்கள், பாட்டுப் பாடி அனுப்பி வைப்பார்கள். விருந்தாளியைச் சங்கடப்படுத்தும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. அதை எழுப்புதல் என்று அறிக்கை எழுதி ஊருக்கு அனுப்புவது நியாயமே அல்ல.

இதை நாம் புரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. மிஷனெரிகளை ஏற்றுக்கொண்ட பக்கத்தில் இருந்தவர்கள் நாம். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, பின்னாளில் தோர்ணக்கல் பேராயர் ஆனவர், 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டு மேடையில் நின்று பேசினார். மிஷனெரிகள் இந்திய ஊழியரோடு வேலை செய்கிறார்கள், ஆனால் சிநேகம் வைத்துக்கொள்வதில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார். ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். திருநெல்வேலிச் சபைகள் அதற்கு முன்பே, 1903இல், தங்கள் சொந்தக் காசில் இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்திருந்தன. அசரியா எதைக் கேட்டாரோ அதை இன்று மலாவிக்காரர் நம்மிடம் கேட்கலாம். தோலின் நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் நமக்கு அந்தக் கேள்வி பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். அங்கே கடைவீதியில் பெரிய கடைகள் பலவும் இந்திய வம்சாவளியினருடையவை. உள்ளூர் வேலையாட்களிடம் சிலர் நடந்துகொள்ளும் விதத்தை ஜனங்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். நீங்கள் போய் இறங்கும்போது அந்தக் கணக்கிலும்தான் சேர்க்கப்படுவீர்கள்.

சரி, உங்கள் தொழிலுக்கு வருவோம்.

மலாவியில் சபைகள் நடத்தும் மருத்துவமனைகள் எல்லாம் ஒரு கூட்டமைப்பாக இருக்கின்றன. மலாவி கிறிஸ்தவ சுகாதாரச் சங்கம் என்று சொல்லலாம். 1966இல் தொடங்கியது. நாட்டு மருத்துவ சேவையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அவர்கள் கையில். பெரும்பாலும் கிராமப்புறத்தில். ஊழியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது, நிர்வாகம் சபையுடையது. எங்கோமா, முலாஞ்சே, எக்வெண்டேனி என்று பல இடங்களில் இப்படிப்பட்ட மருத்துவமனைகள் உண்டு. செவிலியர் பள்ளிகளும் நடத்துகிறார்கள். உங்கள் இடம் இதில் எங்கேயாவதுதான்.

மழைக்காலம் டிசம்பரில் பிடித்தால் மார்ச், ஏப்ரல் வரை போகும். போன வருட மக்காச்சோளம் தீர்ந்து, புது அறுவடை வராத பசி மாதங்களும் அதுவே, மலேரியா உச்சத்தில் இருக்கும் மாதங்களும் அதுவே. பிப்ரவரியில் குழந்தைகள் வார்டுக்குள் போனால் ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகள், சில நாள் மூன்று. மலேரியாவில் வலிப்பு வந்து நினைவில்லாமல் ஒன்று. பக்கத்தில் ஹீமோகுளோபின் நாலுக்குக் கீழே இறங்கி, கண்ணிமையை இறக்கிப் பார்த்தால் காகிதம் மாதிரி வெளுத்துப் போய் இன்னொன்று. அப்பா ரத்தம் கொடுக்க வந்து வாசலில் நிற்பார். ஒரே ஆக்சிஜன் கருவியிலிருந்து குழாய் பிரித்து நாலு குழந்தைகளுக்கு மூக்கில் வைத்திருப்பார்கள். கரண்ட் போனால் எல்லார் கண்ணும் அந்தக் கருவி மேல்தான் இருக்கும், ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்கிறவரை. ராத்திரிப் பணியில் அந்த வார்டு முழுவதுக்கும் ஒரு செவிலியர், கூட ஓர் உதவியாளர். நோயாளிக்குச் சாப்பாடு ஆக்குவது, துடைத்து விடுவது, ராத்திரி கண் விழிப்பது எல்லாம் கூட வந்த உறவினர் வேலை. அவர்களுக்கென்று வளாகத்திலேயே ஒரு கொட்டகை இருக்கும். விடியும்போது அங்கிருந்து விறகுப் புகை எழும்பும், பானையில் சீமா என்ற மக்காச்சோளக் களி கிண்டுவார்கள். காலை ஏழரைக்கு ஊழியர் எல்லாம் கூடி நாலு குரலில் பாடி ஜெபித்துவிட்டுத்தான் இரவு அறிக்கை வாசிப்பார்கள். இரவு இறந்த குழந்தைகளின் பெயரும் அதில் வரும்.

அந்த வார்டில் உங்கள் கை உதவும். ஊசி போட நரம்பு கிடைக்காத குழந்தைக்குக் கான்யுலா போடத் தெரிந்த கை, மூச்சு எண்ணிக்கையைப் பொறுமையாக எண்ணத் தெரிந்த கை. ஆனால் முதல் சில வாரம் நீங்கள் கற்றுக்கொள்கிறவராகத்தான் இருப்பீர்கள். மருந்தளவு அட்டவணை வேறு, மலேரியா சிகிச்சை முறை வேறு, கடும் ஊட்டச்சத்துக் குறைவில் வந்த குழந்தைக்கு எவ்வளவு மெதுவாகப் பால் கொடுக்க வேண்டும் என்பது வேறு. நாம் பழக்கத்தில் வேகமாக டிரிப் ஏற்றினால் அந்தக் குழந்தையின் இருதயம் தாங்காது. இதையெல்லாம் உள்ளூர்ச் செவிலியர் சொல்லித் தருவார்கள். சொல்லித் தரும் தகுதி அவர்களுக்கு நிறையவே இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகள் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை எண்ணுக்குக் காத்திருக்காமல் வாழ்நாள் மருந்து கொடுப்பது என்ற முடிவை உலகத்தில் முதலில் எடுத்த நாடு மலாவி. 2011இல். உலக சுகாதார நிறுவனம் பின்னால் வந்துதான் அதை எல்லாருக்கும் பரிந்துரைத்தது. 2019இல் குழந்தைகளுக்கான மலேரியா தடுப்பூசி நடைமுறைக்கு முதலில் வந்ததும் அங்கேதான். நிலக்கடலையை அரைத்துச் செய்த சிபொன்டே என்ற சத்துணவைத் தாய்மார் வீட்டிலேயே வைத்துக் குழந்தைகளைத் தேற்றும் முறை அங்கே வார்டு நெரிசலையே குறைத்தது. டாக்டர்கள் குறைவு என்பதால் கிளினிகல் ஆபீசர் என்ற பதவியில் இருப்பவர்கள்தான் பல இடங்களில் சிசேரியன் வரை செய்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் அவர்களை டாக்டருக்குக் கீழே என்று எடை போட்டு நடந்துகொண்டால் வார்டில் ஒருவர்கூட உங்களோடு பேச மாட்டார்.

கிராம மருத்துவ முகாமை ஏன் வேண்டாம் என்கிறேன்? உங்கள் செவிலியர் பதிவு தமிழ்நாட்டுக்கு உரியது. மலாவியில் நோயாளியைத் தொட வேண்டுமானால் அந்த நாட்டுச் செவிலியர் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வேண்டும், வேலை செய்வதற்கான அனுமதியும் வேண்டும். சுற்றுலா விசாவில் போய் முகாம் நடத்துவது சட்டப்படி தவறு. அதைவிடப் பெரிய விஷயம், முகாம் முடிந்து நீங்கள் வண்டி ஏறிய மறுநாள் அந்த ரத்தக் கொதிப்பு மாத்திரையை யார் தொடர்ந்து கொடுப்பது? மாவட்ட மருத்துவமனையின் பதிவேட்டில் அந்த நோயாளி இல்லை. உகாண்டாவில் ஜிஞ்சா என்ற ஊரில், மருத்துவம் படிக்காத ஓர் இளம் அமெரிக்கப் பெண் அன்பின் பேரில் ஊட்டச்சத்து மையம் நடத்தினார். அங்கே குழந்தைகள் இறந்தார்கள். 2019இல் இரண்டு தாய்மார் வழக்குப் போட்டார்கள். அடுத்த வருடம் இழப்பீட்டோடு சமரசமாக முடிந்தது, அவர் பக்கம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. பாரம் இருந்தால் போதும் என்று சொல்கிறவர்களிடம் இந்த வழக்கைப் பற்றிச் சொல்லுங்கள்.

அநாதை இல்லம் பற்றி இன்னும் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தயவுசெய்து அதில் சேராதீர்கள். எய்ட்ஸ் காலத்தில் மலாவியில் லட்சக்கணக்கான பிள்ளைகள் பெற்றோரை இழந்தார்கள். அவர்களை வளர்த்தது பெரும்பாலும் பாட்டிமார். ஒரு கோகோ, அதாவது ஒரு பாட்டி, ஏழெட்டுப் பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு மண்வெட்டி பிடிப்பதை எந்தக் கிராமத்திலும் பார்க்கலாம். உலகம் முழுக்கவே இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை அவர்களைப் பிரித்திருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் காசு கொடுப்பதால்தான் சில இல்லங்கள் பிள்ளைகளைச் சேர்க்கின்றன. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை குழந்தைகள் உரிமைத் தீர்மானத்தில் இந்த அநாதை இல்லத் தன்னார்வப் பயணங்களின் கேட்டைக் குறிப்பிட்டே எச்சரித்தது. ஆறு வாரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு நீங்கள் கிளம்புவீர்கள். அடுத்த மாதம் வேறொருவர் வந்து கொஞ்சிவிட்டுக் கிளம்புவார். அந்தப் பிள்ளையின் இடத்தில் நின்று யோசியுங்கள். உங்கள் இரண்டரை லட்சத்தில் ஒரு சிறு பங்கைச் சபையின் மூலமாக ஒரு பாட்டிக்கு உரமும் விதையும் பள்ளிச் செலவுமாகக் கொடுத்தால் பிள்ளைகள் வீட்டிலேயே இருப்பார்கள்.

அப்படியானால் எப்படிப் போவது? உங்கள் பேராயத்தின் மூலமாகவோ, ஆட்களை அனுப்பிப் பழக்கமுள்ள மிஷன் அமைப்பின் மூலமாகவோ, மலாவியில் ஒரு சபை மருத்துவமனைக்கு எழுதுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் படித்தவர்கள் ஆப்பிரிக்காவின் மிஷன் மருத்துவமனைகளில் வேலை செய்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். மருத்துவமனையின் தலைமைச் செவிலியரிடம், குழந்தைகள் வார்டுக்கு ஆள் வேண்டுமா, எத்தனை மாதத்துக்கு வேண்டும், நான் வருவதால் உள்ளூர்ச் செவிலியர் யாருடைய வேலையாவது போகுமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். படிப்பு முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருக்கும் செவிலியர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். குறைந்தது ஒரு வருடம், முடிந்தால் இரண்டு வருடம் என்று வையுங்கள். ஆறு வாரம்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் அந்த ஆறு வாரத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பயணமாக, அவர்களிடமும் அப்படியே சொல்லிவிட்டுப் போங்கள். அதில் வெட்கமே இல்லை.

தயாரிப்பு விஷயம். இந்தியாவிலிருந்து அங்கே போக வழக்கமாக அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழி. அந்த நாடுகளில் மஞ்சள் காய்ச்சல் உண்டு என்பதால் திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலேயே சான்றிதழ் கேட்கக்கூடும். இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைப்பார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போடலாம். பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டாக வேண்டும். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். மலேரியாத் தடுப்பு மாத்திரையை டாக்டரிடம் கேட்டு எடுங்கள். டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பி வந்தபின்னும் நாலு வாரம் சாப்பிட வேண்டும். ஊருக்கு வந்தபிறகு, மாதங்கள் கழித்தே ஆனாலும், காய்ச்சல் அடித்தால் ஆப்பிரிக்காவில் இருந்தேன் என்று முதல் வார்த்தையாக டாக்டரிடம் சொல்லுங்கள். வைரல் காய்ச்சல் என்று விட்டுவிட்டால் பால்சிபாரம் மலேரியா இரண்டு நாளில் ஆளைச் சாய்த்துவிடும். மலாவி ஏரி அவ்வளவு அழகு, கடல் என்றே தோன்றும். ஆனால் கரையோரத் தண்ணீரில் நத்தை மூலம் பரவும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய் இருக்கிறது. குளித்தால் பின்னால் பரிசோதனை செய்து மாத்திரை எடுங்கள். வயது வந்தவர்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு எச்.ஐ.வி. இருக்கும் நாடு என்பதால், ஊசி குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அந்த மருந்து வார்டில் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள். அவசரத்துக்கு ஜோகன்னஸ்பர்க் வரை விமானத்தில் கொண்டுபோகும் அளவுக்குக் காப்பீடு எடுங்கள்.

சாப்பாடு உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது. சீமா என்பது வெள்ளை மக்காச்சோள மாவுக் களி. கூட கீரையோ பீன்ஸோ, ஏரியில் பிடித்து உலர்த்திய உசிப்பா மீனோ. உசிப்பாவைத் தக்காளி போட்டு வைத்தால் நம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை விட்டு வந்த ஏக்கம் பாதி தீரும். கையால்தான் சாப்பிடுவார்கள். அதற்கு முன் சின்னவர் ஒருவர் எல்லாருக்கும் கையில் தண்ணீர் ஊற்றுவார். பெண்கள் இடுப்பில் சிடென்ஜே துணி சுற்றிக்கொள்வார்கள். கிராமத்துக்கும் ஆலயத்துக்கும் போகும்போது நீங்களும் சுற்றிக்கொள்ளுங்கள். சிச்சேவா மொழியில் வணக்கம் விசாரிக்காமல் யாரிடமும் எந்தக் காரியத்தையும் ஆரம்பிக்க வேண்டாம். அவசர நேரத்தில்கூட "முலி ப்வான்ஜி" என்று நலம் விசாரித்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. படம் எடுப்பது பற்றி ஒரே வார்த்தைதான், வார்டில் போனை வெளியே எடுக்காதீர்கள். எலும்பும் தோலுமாகக் கிடக்கும் பிள்ளையின் படத்தை உங்கள் சபை வாட்ஸாப் குழுவில் போட அந்தத் தாய் சம்மதித்தாலும் போட வேண்டாம். வைத்தியம் பார்க்கிறவர் கேட்டால் எந்தத் தாயால் மறுக்க முடியும்?

ஊழியத்தைப் பற்றி நான் ஏதும் குறைத்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஞாயிறு ஆராதனை இரண்டு மூன்று மணி நேரம் போகும். பாடகர் குழு ஒன்று முடித்தால் இன்னொன்று எழுந்து வரும். அங்கே நீங்களும் பாடுங்கள், ஜெபியுங்கள், கேட்டால் சாட்சி சொல்லுங்கள். நாட்டில் ஏழில் ஒருவர் இஸ்லாமியர், ஏரியின் தெற்குப் பக்கம் அவர்களே அதிகம். படுக்கையில் இருக்கிற பிள்ளைக்காக ஜெபிக்கட்டுமா என்று தாயிடம் கேட்டு, வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு விட்டுவிடுங்கள், ஊசியை மட்டும் நேரத்துக்குப் போடுங்கள். மரித்துப் போன பிள்ளையின் தாயோடு கீழே தரையில் உட்கார்ந்து எழாமல் இருப்பதை அங்கே எல்லாரும் செய்கிறார்கள். வார்த்தை வராத அந்த நேரத்தில் நீங்களும் எழுந்து போகாமல் இருந்தால் அதை மறக்க மாட்டார்கள்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தக் குழுவுக்கு முன்பணம் கட்டாதீர்கள். கட்டிவிட்டிருந்தால் மலாவியில் உங்களை ஏற்கும் சபையின் கடிதத்தையும், செவிலியர் பதிவுக்கு அவர்கள் என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். இரண்டும் வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் சரிபார்ப்புச் சான்றுக்கும் மதிப்பெண் பட்டியல் நகலுக்கும் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள், அது மாதக்கணக்கில் இழுக்கும். ஆங்கிலத்தில் நோயாளி குறிப்பு எழுதும் பழக்கத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், அங்கே எல்லாப் பதிவும் ஆங்கிலத்தில்தான்.

அம்மாவின் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். மலாவி சண்டை நடக்கும் நாடு இல்லை, ஜனங்கள் சாது. செல்போன் எடுக்கும், வீடியோவில் பேசலாம். நான் அங்கே பார்த்த பெரிய ஆபத்து சாலைதான். விளக்கில்லாத ரோட்டில் ஆட்களைத் திணித்துக்கொண்டு ஓடும் மினிபஸ், லாரியின் பின்னால் நின்றுகொண்டு போகும் பயணம். பொழுது சாய்ந்தபின் வெளியூர்ப் பயணம் கிடையாது என்று மருத்துவமனைகளே சட்டம் வைத்திருக்கும். அந்தச் சட்டம் இருக்கிறதா என்று கடிதத்தில் கேட்டு, வரும் பதிலை அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள்.